எங்க பழைய கிரவுண்ட் ஞாபகங்கள சேர்க்கப் போய் நான் பட்ட பாடு

ரெண்டு வருஷமா மனசுக்குள்ளயே வெச்சிட்டு இருந்தத இன்னைக்கு எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நாங்க வளந்த கிரவுண்ட் இப்ப இல்ல. ஃபுட்பாலும் கிரிக்கெட்டும் ஒரே மண்ணுல மாறி மாறி ஆடின கிரவுண்ட் அது. அத எடுத்துட்டு கட்டடம் கட்டப் போறாங்கன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து அதோட ஃபோட்டோ, ஸ்கோர்புக், பெரியவங்க பேச்சு எல்லாத்தையும் சேத்து வெக்கணும்னு நான் தனியா இறங்கினேன். பதினாலு மாசம் ஞாயித்துக்கிழமை பூரா அதுக்கே போச்சு, கிட்டத்தட்ட ரெண்டு மாச சம்பளம் போச்சு, கடைசில சேத்ததுல பெரும்பகுதி கையில நிக்கல. எனக்கு முன்னாடி இத பண்ணின யாராவது ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா முக்கால்வாசி தப்பு நடந்திருக்காது. உங்க கிரவுண்ட் இன்னும் இருக்குன்னா இத படிச்சிட்டு இந்த வாரமே ஒரு நாள் ஒதுக்குங்க, அதுக்காகத்தான் எழுதறேன்.

முதல்ல அந்த கிரவுண்ட் எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும், இல்லன்னா நான் எதுக்கு இவ்ளோ அல்லாடினேன்னு புரியாது. ஒரே இடத்துல ரெண்டு ஆட்டம்னா சும்மா இல்ல. கிரிக்கெட் பிட்ச் 22 கெஜம், அதாவது 20 மீட்டர் சொச்சம், அகலம் 3 மீட்டர்தான், ஆனா அது கிரவுண்டுக்கு நட்டநடுவுல இருந்தாகணும், சுத்தி எல்லாப் பக்கமும் பவுண்டரிக்கு இடம் வேணும். ஃபுட்பாலுக்கு அப்படி இல்ல, ஏறக்குறைய 100 மீட்டர் நீளத்துக்கு ஒரே சீரா தரை வேணும், நடுவுல எதுவும் இருக்கக் கூடாது. அதனால எங்க ஊர் ஆளுங்க பண்ணினது என்னன்னா, பிட்ச சுத்தி நாலு மூலைக்கும் கம்பி நட்டு கயிறு கட்டிடுவாங்க, ஃபுட்பால் கோட்ட ஒரு பக்கமா ஒதுக்கிப் போடுவாங்க, ஒரு சைடு லைன் சரியா அந்த கயித்த ஒட்டி ஓடும். மூணு பக்கம் ஆளுங்க உக்காந்து பாப்பாங்க, நாலாவது பக்கம் கயிறு, பிட்ச், அதுக்கு அப்பால வெறும் புல்லு. அந்தப் பக்கம் பந்த ஓங்கி அடிச்சிட்டா எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஜெயிச்சிட்டு இருக்கற டீம் மூச்சு வாங்கிக்கும், தோத்துட்டு இருக்கற டீம் கத்தும். த்ரோ எறியறவன் ரெண்டு அடி பின்னாடி போனா கயித்துல முதுகு இடிக்கும், கயித்த தாண்டி கால் வெச்சா எங்கிருந்தோ ஒரு குரல் வரும், "ஏய் தம்பி, கால எடு!"

அந்த குரல்தான் எங்க கிரவுண்ட்ஸ்மேன் அண்ணன், பிட்ச்சையும் கிரவுண்டையும் பாத்துக்கறவர். நாங்க சின்னப் பசங்களா இருந்தப்பவே அவருக்கு தலை நரைச்சிருந்துச்சு, ஆனாலும் எல்லாருக்கும் அண்ணன்தான். ஏன் இந்த மனுஷன் இப்படி கத்தறார்னு அப்ப கோவம் வரும். பின்னாடி கிரிக்கெட் ஆட ஆரம்பிச்சப்பதான் புரிஞ்சது. பிட்ச்சுல இருக்கறது களிமண், தண்ணி விட்டு காயவிட்டு ரோலர் ஓட்டி ஓட்டி இறுக்கினது. மழை நேரத்துல அது ஊறி இருக்கும்போது ஃபுட்பால் பூட்டோட ஒருத்தன் நடந்தா அடியில இருக்கற ஸ்டட் குமிழோட குழி அப்படியே பதிஞ்சிடும், காஞ்ச பிறகு அந்த குழியோட விளிம்பு கல்லு மாதிரி நிக்கும். அடுத்த சீசன்ல வேகமா வர்ற பந்து அதுல பட்டா பேட்ஸ்மேன் மூஞ்சிக்குத்தான் எழும்பும். ஃபுட்பால்காரங்களுக்கும் குறை இல்லாம இல்ல. கயித்துக்கு பக்கத்துல தரை திடீர்னு கெட்டியாகிடும், அங்க சறுக்கி டேக்கிள் பண்ணினா முட்டி தோல் உரிஞ்சிடும். இன்னொன்னு கோல் போஸ்ட் குழி. கிரிக்கெட் சீசன்ல போஸ்ட்ட பிடுங்கிட்டு குழி மேல ஒரு மூடி வெப்பாங்க, மூடி நகந்துட்டா பவுண்டரிக்கு போற பந்து நேரா உள்ள விழுந்துடும், கை விட்டாலும் எட்டாது. அந்தக் காலத்து ரூல்ல லாஸ்ட் பால், அதாவது பந்து தொலைஞ்சு போச்சுன்னு ஃபீல்டிங் டீம் சொன்னா ஓடினது 6க்கு கம்மியா இருந்தாலும் 6 ரன் கொடுத்துடுவாங்க (2017ல ரூல் மாத்தின பிறகு அது டெட் பால் ஆயிடுச்சு, ஆட்டம் அங்கயே நின்னுடும்). எங்க கிரவுண்ட்ல ஒரு மேட்ச்சே அப்படி முடிஞ்சிருக்கு, அத பத்தி அப்புறம் சொல்றேன்.

சீசன் மாறுற அந்த ஒரு வாரம் எனக்கு இன்னைக்கும் கண்ணுலயே நிக்குது. போஸ்ட்ட பிடுங்க பத்து பேர் வேணும், ரோலர் இழுக்கவும் பத்து பேர் வேணும், அதனால ஃபுட்பால் டீம் கிரிக்கெட் டீம்னு பாக்காம எல்லாரும் வந்துடுவோம், எப்படியும் பாதிப் பேர் ரெண்டு டீம்லயும் இருப்பாங்க. அண்ணன் மட்டும் ரோலர தொட மாட்டார். குத்துக்கால் போட்டு பிட்ச் ஓரமா உக்காந்து, இடுப்புல தொங்கற சாவிக்கொத்துல இருந்து ஒரு சாவிய எடுத்து மண்ணுல குத்துவார், வெளிய எடுத்து அது நுனில ஒட்டியிருக்கற மண்ண கட்டை விரல்ல தேய்ச்சு பாப்பார். ஒட்டிச்சுன்னா "இன்னைக்கு வேணாம், வீட்டுக்கு போங்க". உதிர்ந்துச்சுன்னா "நேத்தே வந்திருக்கணும்". ரெண்டுக்கும் நடுவுல ஒரு பதம் இருக்கு, அது வந்தாதான் எழுந்து நின்னு தலைய ஆட்டுவார். அந்தப் பதம் எப்படி இருக்கும்னு நான் கேட்டதே இல்ல. கேட்டு ரெக்கார்ட் பண்ணியிருக்கணும்.

சரி, நடந்தத வரிசையா சொல்றேன். கிரவுண்ட் போகப் போகுதுன்னு கேள்விப்பட்டதும் எல்லாரும் பண்றததான் நானும் பண்ணினேன், பழைய பசங்க குரூப்ல "யாரு கிட்ட என்ன ஃபோட்டோ இருக்கோ எல்லாம் அனுப்புங்கடா"ன்னு ஒரு மெசேஜ் போட்டேன். ரெண்டு நாள்ல நூத்துக்கணக்குல வந்து கொட்டிச்சு, எனக்கு சந்தோஷம் தாங்கல. ஒரு மாசம் கழிச்சு கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணி பாத்தா மூஞ்சி எல்லாம் கட்டம் கட்டமா கலைஞ்சு கிடக்கு. சாட் ஆப்ல ஃபோட்டோவ சாதாரணமா அனுப்பினா அது தானாவே சுருக்கிடும், டாக்குமென்ட்டா அனுப்பினாதான் அப்படியே வரும், இது எனக்கு அப்ப தெரியல. அதுவும் பல பேர் சுவத்துல மாட்டின ஃபோட்டோவ கண்ணாடியோட சேத்து ஃபோன்ல எடுத்து அனுப்பியிருந்தாங்க, நடுவுல ட்யூப்லைட் வெளிச்சம். திரும்ப கேட்டா "அதான் அனுப்பிட்டேனே"ன்னு சலிச்சுக்கறாங்க, அவங்க மேலயும் தப்பு இல்ல. ஒரு தடவைக்கு மேல யாரும் அலமாரிய குடைய மாட்டாங்க. அதனால முதல் மெசேஜ்லயே தெளிவா சொல்லிடுங்க, டாக்குமென்ட்டா அனுப்பணும், சட்டத்துல இருந்து வெளிய எடுத்து பகல் வெளிச்சத்துல எடுக்கணும், கூடவே யார் யார் இருக்காங்க, எந்த வருஷம்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடணும்னு.

அப்புறம் வீடு வீடா போக ஆரம்பிச்சேன். ஒரு ஸ்கேனர் வாங்கினேன், சம்பளத்துல ஒரு பங்கு அதுக்கு போச்சு. முதல் ரெண்டு மாசம் 300 டிபிஐல (ஒரு இஞ்சுக்கு எத்தனை புள்ளிங்கற கணக்கு) ஸ்கேன் பண்ணினேன், போஸ்ட்கார்டு சைஸ்ல பதினாறு பேர் நிக்கற டீம் ஃபோட்டோல மூஞ்சி அடையாளம் தெரியணும்னா அது பத்தாது, 600 வேணும், மறுபடி எல்லா வீட்டுக்கும் போய் கதவ தட்ட வேண்டியதாச்சு. நெகட்டிவ் இருக்கான்னு முதல்ல கேளுங்க, பிரிண்ட விட அதுலதான் விவரம் ஜாஸ்தி இருக்கும். பல வீட்ல பிரிண்ட பத்திரமா வெச்சிருப்பாங்க, நெகட்டிவ குப்பைன்னு நெனச்சு ஒரு கவர்ல போட்டு வெச்சிருப்பாங்க. லேமினேட் பண்ணிட்டா பத்திரம்னு சில பேர் நெனக்கறாங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க, அந்த சூடும் பசையும் ஃபோட்டோவ கெடுத்துடும், திரும்ப பிரிக்கவும் முடியாது.

இதுல என்னை ரொம்ப நாள் தூங்க விடாத ஒரு விஷயம் நடந்துச்சு. எங்க பழைய கோல்கீப்பர் அண்ணன் வீட்ல ஒரு ஆல்பம், அந்தக் காலத்து ஒட்டற பக்கம் உள்ளது, மேல பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும். அதுல ஒரு ஃபோட்டோ, ஃபுட்பால் டீமும் கிரிக்கெட் டீமும் ரோலர் முன்னாடி ஒண்ணா நிக்கறாங்க. அத மாதிரி வேற ஃபோட்டோவே கிடையாது. ஸ்கேன் பண்ண வெளிய எடுக்கலாம்னு ஒரு மூலைய நகத்தால நெம்பி இழுத்தேன். படம் பாதியில உரிஞ்சு கீழ வெள்ளைத் தாள் தெரிஞ்சது, இடது பக்கம் நின்ன நாலு பேர் அந்தப் பசையிலயே தங்கிட்டாங்க. அண்ணன் ஒண்ணும் சொல்லல, ஆல்பத்த மூடி மடியில வெச்சுக்கிட்டார், "பரவால்ல தம்பி, டீ குடி"ன்னார். எனக்கு அந்த டீ தொண்டையில இறங்கல. அப்புறம்தான் ஒரு ஸ்டுடியோக்காரர் சொன்னார், அந்த மாதிரி ஆல்பத்துல இருந்து எடுக்கவே வேணாம், பிளாஸ்டிக்க மட்டும் மெதுவா தூக்கிட்டு பக்கத்தோட சேத்தே ஸ்கேன் பண்ணிடலாம், எடுத்தே ஆகணும்னா டென்டல் ஃப்ளாஸ் நூல ஃபோட்டோவுக்கு அடியில விட்டு ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்து பசைய அறுக்கணும், கையால வளைக்கவே கூடாதுன்னு. நாலு பேரோட மூஞ்சிக்கு அப்புறம் கிடைச்ச பாடம் அது.

வீடியோ கேசட் கதையும் சொல்லிடறேன். கடைசியா நடந்த பெரிய டோர்னமென்ட்ட யாரோ வீடியோ எடுத்தாங்கன்னு கேள்விப்பட்டு நாலு மாசம் அலைஞ்சு ஒரு கேசட்ட பிடிச்சேன். உள்ள டேப் சுருளோட ஓரத்துல வெள்ளையா பொடி மாதிரி இருந்துச்சு, தூசின்னு நெனச்சேன், அது பூஞ்சை. பழைய டெக் ஒண்ண இரவல் வாங்கி போட்டேன். ஒரு நிமிஷம் ஓடிச்சு, பச்சையா ஒரு தரை, கயிறு, ஓடற ஒரு கால், அப்புறம் கோடு கோடா வந்து டேப் உள்ள சுத்திக்கிட்டு கசங்கிடுச்சு, டெக்கோட ஹெட்டும் போச்சு, அதுக்கு தனியா காசு கட்டினேன். பூஞ்சை பிடிச்ச கேசட்ட டெக்ல போடவே கூடாது, அத பிரிச்சு சுத்தம் பண்ணி டிஜிட்டலா மாத்தித் தர்றதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க, காசு கொஞ்சம் ஆகும், ஆனா ஒரே ஒரு காப்பிதான் இருக்குன்னா அவங்க கிட்டயே கொடுத்துடுங்க. பாத்துடணும்னு ஆசை வரும். அந்த ஆசைய அடக்கிக்கோங்க.

எதிர்பாக்காம நல்லதா கிடைச்சது ஸ்கோர்புக். யாருமே அத மதிக்கல, ஸ்கோரர் சார் வீட்டு பரண்ல ஆறு புத்தகம் கட்டி வெச்சிருந்தார். ஃபோட்டோல வருஷம் இருக்காது, ஸ்கோர்புக்ல தேதி, டாஸ், யார் அவுட், யார் பிடிச்சது எல்லாம் இருக்கும், ஒரு டீம் ஃபோட்டோல இருக்கற பதினோரு பேர இதோட ஒப்பிட்டு பாத்தா அந்த ஃபோட்டோ எந்த சீசன்னு கண்டுபிடிச்சிடலாம். அப்படியே பதினேழு ஃபோட்டோவுக்கு வருஷம் கண்டுபிடிச்சேன். பென்சில் எழுத்து மங்கியிருந்தா மேல இருந்து ஃபிளாஷ் அடிக்காதீங்க, ரூம இருட்டாக்கிட்டு டார்ச்ச பக்கவாட்டுல தாழ்வா பிடிச்சு ஃபோட்டோ எடுங்க, பென்சில் அழுத்தின பள்ளம் நிழல் விழுந்து எழுத்து தெரியும். அப்படி பாத்தப்பதான் ஒரு பக்கத்துல ஓரமா "லா.பா. 6 - வடக்கு கோல் குழி"ன்னு சாரோட கையெழுத்துல பாத்தேன். ஜெயிக்க நாலு ரன் வேணும், பந்து குழியில விழுந்துச்சு, ஆறு ரன் கொடுத்து மேட்ச் முடிஞ்சிடுச்சு. சின்ன வயசுல கேட்ட கதை நெஜம்னு கண்ணால பாத்தப்ப அந்த பரண் கீழயே உக்காந்து அழுதுட்டேன்.

ராத்திரி ஸ்கேன் ஓடிட்டு இருக்கும்போது மத்த இடத்துல இப்படி கிரவுண்ட் இருந்திருக்கான்னு தேடிப் படிப்பேன், தனியா பண்ற வேலையில அதுதான் எனக்கு துணையா இருந்துச்சு. இங்கிலாந்துல ஷெஃபீல்டுல பிராமல் லேன்னு ஒரு கிரவுண்ட், 1855ல கிரிக்கெட்டுக்காக திறந்தது, அங்க இருந்த கிரிக்கெட் ஆளுங்களே 1889ல ஷெஃபீல்டு யுனைடெட் ஃபுட்பால் கிளப்ப ஆரம்பிச்சாங்க. எங்க கிரவுண்ட் மாதிரியே அதுவும் மூணு பக்கம்தான், நாலாவது பக்கம் கிரிக்கெட் தரை. 1902ல ஒரு டெஸ்ட் மேட்ச் நடந்திருக்கு, 1973ல கடைசி கவுண்டி மேட்ச் (அந்த ஊர் மாவட்ட டீம்களோட கிரிக்கெட்), ரெண்டு வருஷத்துல பிட்ச் இருந்த இடத்துல புது ஸ்டாண்ட் எழும்பிடுச்சு. நார்தாம்ப்டன்லயும் 1994 வரைக்கும் ஃபுட்பால் கிளப் கவுண்டி கிரிக்கெட் கிரவுண்டோட ஒரு ஓரத்துலதான் ஆடிட்டு இருந்தாங்க. யோசிச்சா ஃபுட்பாலே கிரிக்கெட் கிரவுண்ட்ல வளந்த புள்ளதான். 1872ல ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடின முதல் சர்வதேச மேட்ச் கிளாஸ்கோல ஒரு கிரிக்கெட் கிளப் கிரவுண்ட்ல 0-0னு முடிஞ்சது, அதே வருஷம் இங்கிலாந்தோட எஃப்ஏ கப் ஃபுட்பால் முதல் ஃபைனல் லண்டன் ஓவல் கிரிக்கெட் கிரவுண்ட்ல. நம்ம பக்கம் 1977ல பெலே வந்து நியூயார்க் காஸ்மோஸ் டீமுக்காக மோகன் பகானுக்கு எதிரா ஆடினது ஈடன் கார்டன்ஸ்ல, 2-2. மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துல 1956ல ஒரு டெஸ்ட் மேட்ச்ல நம்ம மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 அடிச்சாங்க, 2008 வரைக்கும் அந்த ரெக்கார்ட யாரும் தொடல. இன்னைக்கு அங்க ஃபுட்பாலும் அத்லெடிக்ஸும்தான், 1993ல மொத்தமா புதுசா கட்டிட்டாங்க. எங்க பசங்க ரெண்டு டீம்லயும் ஆடினத நெனக்கும்போதெல்லாம் எனக்கு கிறிஸ் பால்டர்ஸ்டோன் ஞாபகம் வரும். 1975 செப்டம்பர்ல லெஸ்டர்ஷயர் கிரிக்கெட் டீமுக்கு பகல்ல 51 நாட் அவுட், சாயந்திரம் டான்காஸ்டர் ரோவர்ஸுக்கு ஃபுட்பால் மேட்ச், மறுநாள் காலையில திரும்ப வந்து செஞ்சுரி. சுனி கோஸ்வாமி 1962 ஏசியன் கேம்ஸ்ல நம்ம ஃபுட்பால் டீம் கேப்டனா தங்கம் வாங்கினவர், அவரே பெங்கால் கிரிக்கெட் டீமுக்கு கேப்டனா ரஞ்சி ஃபைனலும் ஆடினார். நாங்க பண்ணினது அதோட ஒரு துளிதான், ஆனா அதே துளி.

இப்ப என்னால இன்னும் ஏத்துக்க முடியாத விஷயத்துக்கு வர்றேன். கிரவுண்ட்ஸ்மேன் அண்ணன ஒரே ஒரு தடவதான் ரெக்கார்ட் பண்ணினேன். கிரவுண்ட்லயே நின்னு பேசினோம், ஃபோன கையில பிடிச்சிருந்தேன். காத்து பட்டு பாதி பேச்சு உஸ்ஸுன்னு கேக்குது. பதினோராவது நிமிஷம் எனக்கு ஒரு கால் வந்துச்சு, வேணாத ஏதோ லோன் கால், ரெக்கார்டிங் அங்கயே கட் ஆயிடுச்சு, நான் கவனிக்கல, அவர் அதுக்கப்புறம் முக்கால் மணி நேரம் பேசினார். கயிறு யார் வாங்கிக் கொடுத்தது, ரோலர் எங்கிருந்து வந்துச்சு, ஒரு வருஷம் வெள்ளம் வந்து பிட்ச் மொத்தமா கரைஞ்சப்ப எப்படி திரும்ப போட்டார்னு எல்லாம். வீட்டுக்கு வந்து பாத்தப்பதான் தெரிஞ்சது. அடுத்த ஞாயிறு போலாம்னு நெனச்சேன், ஸ்கேன் வேலை பாக்கி இருந்துச்சு. அதுக்கடுத்த ஞாயிறும் அதே. ஃபோட்டோ எங்கயும் ஓடிப் போயிடாது, அது அலமாரியில அப்படியே இருந்திருக்கும், நான் அதத்தான் முதல்ல முடிக்கணும்னு வரிசைய தப்பா வெச்சிட்டேன். அஞ்சாவது வாரம் அவர் போயிட்டார்னு செய்தி வந்துச்சு. துக்க வீட்ல அவர் பையன் அந்த சாவிக்கொத்த கையில வெச்சுக்கிட்டு "இது எந்தெந்த பூட்டுக்குன்னு எங்களுக்கு தெரியல சார், உங்களுக்கு தெரியுமா"ன்னு கேட்டார். எனக்கும் தெரியல. அதுல ஒரு சாவி பூட்டுக்கே இல்லைன்னு மட்டும் சொன்னேன், அது எதுக்குன்னு சொன்னப்ப அவர் அத விரல்ல தடவிட்டே இருந்தார்.

அதனால இத பண்ணப் போறவங்க கிட்ட கைய பிடிச்சு சொல்றேன், பேச்ச முதல்ல எடுங்க. வயசுல பெரியவங்க யாருன்னு ஒரு பேப்பர்ல எழுதி மேல இருந்து ஆரம்பிங்க. ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி ஃபோன ஏரோப்ளேன் மோட்ல போடுங்க, ஸ்டோரேஜ் இருக்கான்னு பாருங்க, இன்னொரு ஃபோன்லயும் சேத்து எடுங்க. கிரவுண்ட்ல ஒரு சுத்து நடந்துட்டு பேச்ச உள்ள வெச்சுக்கோங்க, டிரெஸ்ஸிங் ரூம், காருக்குள்ள, எங்கயாவது காத்து இல்லாத இடம். "உங்க ஞாபகங்கள சொல்லுங்க"ன்னு கேட்டா யாருக்கும் பேச்சு வராது, "நல்ல நாள் அது"ன்னு முடிச்சிடுவாங்க. ஒரு பொருள காட்டிக் கேளுங்க, இந்த கயிறு எப்ப கட்டினது, மழை வந்தா எங்க ஒதுங்குவீங்க, சுண்ணாம்பு கோடு யார் போடுவா, கோணலா போனா என்ன சொல்வாங்க. அப்ப அவங்க கை தானா எழும்பி காத்துல கோடு போட ஆரம்பிக்கும். வீட்டுக்கு வந்த அன்னைக்கு ராத்திரியே முழுசா போட்டு கேட்டுடுங்க, ஏதாவது விட்டுப் போயிருந்தா மறுநாளே போக முடியும்.

ஹார்ட் டிஸ்க் கதை அதுக்கப்புறம் மூணாவது மாசம். மூவாயிரத்து சொச்சம் ஃபைல், எல்லாம் ஒரே எக்ஸ்டர்னல் டிஸ்க்ல. டேபிள்ல இருந்து வயர் இழுபட்டு கீழ விழுந்துச்சு. எடுத்து மாட்டினா டிக் டிக்னு சத்தம். பயத்துல நான் அத கழட்டி மாட்டி கழட்டி மாட்டி ராத்திரி பூரா முயற்சி பண்ணினேன், அதுதான் பண்ணவே கூடாதது. அந்த சத்தம் வந்தா உள்ள ஹெட் அடி வாங்கியிருக்கு, ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் டிஸ்க்க இன்னும் கீறும். சத்தம் கேட்ட அந்த நொடியே பிடுங்கிட்டு அப்படியே ரெகவரி பண்றவங்க கிட்ட கொண்டு போயிருந்தா நிறைய வந்திருக்கும்னு அவங்களே சொன்னாங்க. ஒரு மாச சம்பளத்துக்கு மேல கட்டினேன், ஆயிரத்து இருநூறு ஃபைல்தான் வந்துச்சு, அதுலயும் சிலது பாதி சாம்பல் கலர்ல இருக்கு. அன்னைக்கு எனக்கு வந்த வெறுமைய வார்த்தையில சொல்ல முடியல, ரெண்டு மாசம் ஸ்கேனர தொடவே இல்ல. இப்ப எல்லாமே மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாதனத்துல, மூணாவது வீட்டுக்கு வெளிய. என்னோடது ஒண்ணு கிளவுட்ல இருக்கு, ஒண்ணு ஸ்கோரர் சார் மகள் கிட்ட கொடுத்து வெச்சிருக்கேன். தனியா ஒரு ஆள் கிட்ட மட்டும் இருக்கற எதுவும் பத்திரமா இல்லன்னு வெச்சுக்கோங்க, அந்த ஆள் நீங்களே ஆனாலும்.

இடம் போன பிறகும் பண்ணக்கூடியது ஒண்ணு இருக்கு. கூகுள் எர்த் கம்ப்யூட்டர் வெர்ஷன்ல பழைய வருஷத்து சாட்டிலைட் படத்தையும் பாக்கலாம், வருஷத்த பின்னாடி நகத்தினா எங்க கிரவுண்ட் திரும்ப வந்துடுது. நடுவுல வெளிறின ஒரு சின்ன செவ்வகம், அதான் பிட்ச், ரெண்டு ஓரத்துலயும் புல்லு இல்லாம தேஞ்ச ஒரு திட்டு, அதான் கோல் வாய். அதுலயே அளவு எடுக்கற வசதியும் இருக்கு, அத வெச்சு பழைய கோடெல்லாம் போட்டு ஒரு வரைபடம் பண்ணினேன், வடக்கு கோல் குழி இருந்த இடத்த ஸ்கோரர் சார் பாத்து சரி பண்ணிக் கொடுத்தார், நான் போட்டது மூணு மீட்டர் தள்ளி இருந்துச்சாம்.

கோல்கீப்பர் அண்ணன் ஆல்பத்துல உரிஞ்சு போன அந்த நாலு பேர்ல மூணு பேர் யாருன்னு தெரிஞ்சிடுச்சு, வேற ஃபோட்டோ, ஸ்கோர்புக் எல்லாம் வெச்சு கண்டுபிடிச்சோம். கார்னர் கொடிய கையில பிடிச்சிட்டு ஓரமா நின்ன பையன் மட்டும் யார்னு இன்னும் தெரியல, அண்ணனுக்கும் பேர் வரல, "இடது கால்ல நல்லா அடிப்பான்"னு மட்டும் ஞாபகம் வெச்சிருக்கார். அந்த சீசன் ஆடின ஒருத்தர் இன்னும் இருக்கார்னு போன வாரம் தெரிய வந்துச்சு, எண்பத்தி ரெண்டு வயசாம், ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருந்தார். நாளைக்கே வர்றேன்னு சொல்லிட்டேன்.